கத்தரி கோட்டுக்கு எந்தப் பக்கம்? பிளவுஸ் கை பேட்டர்ன் வரைந்த பதிவு

முதல் பிரிண்டைக் கொண்டுபோய்ச் சித்தியின் கட்டிங் மேசையில் விரித்தேன். கத்தரியை எடுத்தவர் தாளில் வைக்காமல் அப்படியே நின்றார். "ஏப்பா, கோட்டு மேல வெட்டணுமா, கோட்டுக்கு வெளியவா?"

என்னிடம் பதில் இல்லை. கோடு நன்றாகத் தெரியட்டும் என்று 2 மி.மீ. தடிமன் வைத்திருந்தேன். கோட்டின் உள்ளோரமாக ஒருவரும் வெளியோரமாக இன்னொருவரும் வெட்டினால் 2 மி.மீ. வித்தியாசம் வரும். துணியை மடித்து வெட்டுவதால் கையின் சுற்றளவில் அது 4 மி.மீ. ஆகிவிடும். பேட்டர்ன் வரைகிற நிரல் எழுதி முடித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் தென்காசிக்குப் போயிருந்தேன். அடுத்த மூன்று வாரமும் கோடு என்றால் என்ன என்பதிலேயே போனது.

சித்தி வீட்டிலேயே தையல் சொல்லிக்கொடுக்கிறார். 32லிருந்து 40 வரை ஒவ்வொரு அளவுக்கும் காக்கி பேப்பரில் வெட்டிய பேட்டர்ன்கள் சுவரில் ஆணியில் தொங்கும். பிள்ளைகள் அதை வைத்து சாக்பீஸால் சுற்றி வரைவார்கள். ஓரம் நைந்ததும் அதைப் பார்த்தே புதிதாக ஒன்று வெட்டுவார்கள். அதில்தான் சிக்கல். ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் ஒரு நூலளவு கூடுகிறது. நாலைந்து தலைமுறை கடந்த 36 கிட்டத்தட்ட 37 ஆகிவிடுகிறது. அளவுகளை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு வேண்டும்போது அச்சடித்தால் இந்தத் தேய்மானமே இருக்காது என்று தோன்றியது. சித்தியின் நோட்டில் இருந்த கணக்கைப் பைத்தானில் எழுதினேன். நிரல் எஸ்விஜி கோப்பு (கோடுகளை எண்களாக எழுதி வைக்கும் படக்கோப்பு) ஒன்றைத் தரும், அதை உலாவியில் திறந்து அச்சடிக்கலாம். இருப்பதிலேயே சின்னதான கையை முதலில் எடுத்துக்கொண்டேன்.

எஸ்விஜியைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம் அளவுதான். படத்தின் அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. என்று கொடுத்து, வியூபாக்ஸிலும் (படத்தின் உள்ளே எண்ணும் அளவுக் கட்டம்) அதே 210, 297 எண்களைப் போட்டால், உள்ளே எழுதும் ஒவ்வொரு 1-ம் தாளில் ஒரு மில்லிமீட்டர். சித்தியின் டேப் இன்ச்சில் இருப்பதால் எல்லாவற்றையும் 25.4 ஆல் பெருக்கிவிடுகிறேன். ஃபில், அதாவது உள்ளே நிரப்பும் நிறத்தைச் சொல்லாமல் விட்டால் உருவம் முழுக்கக் கறுப்பாக நிரம்பிவிடும். அதற்கு ஃபில் நன் (நிரப்பாதே) என்று ஒரு முறை எழுதினால் போதும்.

இனி சித்தியின் கேள்விக்கு வருகிறேன். ஒரு பாதையைக் கொடுத்து 2 மி.மீ. கோடு போடு என்றால், எஸ்விஜி பாதைக்கு இந்தப் பக்கம் 1 மி.மீ., அந்தப் பக்கம் 1 மி.மீ. என்று மை பூசுகிறது. நாம் கணக்கிட்ட பாதைக்கு அகலமே கிடையாது, அது மையின் நடுவில் ஒளிந்திருக்கிறது. உலாவியில் நிரல் வழியாகப் படம் வரையும் கேன்வாஸும், பிடிஎஃப்பும் இதே மாதிரிதான். இவை எல்லாவற்றுக்கும் மூத்தது 1980களில் வந்த, அச்சுப் பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட். கோட்டின் முனை, மூலை, விட்டுவிட்டு வரைவது, மைட்டர் எல்லை (கூர்மூலை எவ்வளவு நீளலாம் என்ற வரம்பு) என்று இன்று நாம் புழங்கும் சொற்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான்.

"நீங்க துணியில எப்படி வெட்டுவீங்க சித்தி?" என்று கேட்டேன்.

"சாக்பீஸ் கோடு துணியோட நிக்கணும். கத்தரி வெளியோரமா உரசிக்கிட்டுப் போகணும். பிள்ளைங்ககிட்ட முதல் நாளே சொல்ற பாடம் அதுதான்."

அதையே விதியாக எடுத்துக்கொண்டேன். கோட்டின் வெளியோரம்தான் அளவு, மை முழுக்க உள்ளே இருக்க வேண்டும். படம் வரையும் மென்பொருள்களில் கோடு உள்ளேயா, நடுவிலா, வெளியேயா என்று கேட்கும் வசதி உண்டு. உலாவிகள் படிக்கும் எஸ்விஜியில் அது இல்லை. அதனால் கோட்டை இரண்டு மடங்கு தடிமனில் வரைந்து, அதே உருவத்தையே கிளிப்பாக வைத்து வெளியே வழியும் பாதியை மறைத்துவிட்டேன். 0.3 மி.மீ. கோடு வேண்டுமென்றால் ஸ்ட்ரோக் விட்த், அதாவது கோட்டின் தடிமன், 0.6. தாளில் தெரிவது உள்பாதி மட்டும், அதன் வெளியோரம் மிகச் சரியாக அளவில் நிற்கும். இதைச் செய்து காட்டியபோது சித்தி கேள்வி எதுவும் கேட்காமல் வெட்டினார்.

அடுத்தது தையலுக்கு விடும் துணி. நோட்டில் இருப்பது தையல் விழும் கோடு. வெட்டும் கோடு அதற்கு வெளியே போக வேண்டும். கோடு இரண்டு பக்கமும் சமமாகப் பரவுகிறது என்று இப்போதுதானே படித்தோம், அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 25.4 மி.மீ. தடிமனில் கறுப்புக் கோடு போட்டால் வெளியே அரை இன்ச் போகும். அதன் மேல் 24.8 மி.மீ. தடிமனில் வெள்ளைக் கோடு. கடைசியாக உருவத்தின் உள்ளே முழுக்க வெள்ளை. மிஞ்சுவது தையல் கோட்டிலிருந்து அரை இன்ச் தள்ளி, 0.3 மி.மீ. தடிமனில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. வரைபடங்களில் சாலைக்குக் கரை போடும் உத்தி இதுதான். முதலில் அகலமாகக் கருமை, அதன் மேல் கொஞ்சம் ஒடுக்கமாக வெளிர்நிறம். இரண்டே வரியில் வெட்டுக்கோடு கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி மனசு நிறைந்து தூங்கினேன்.

மறுநாள் சித்தி தாளைப் பார்த்ததும் கேட்டார். "மடிப்புக்கு எதுக்குத் தையல் துணி?"

பிளவுஸ் கையைத் துணியை இரண்டாக மடித்துத்தான் வெட்டுவார்கள். மடிப்பு விழும் ஓரத்தில் தையலே கிடையாது. என் கோடு நான்கு பக்கமும் ஒரே மாதிரி அரை இன்ச் தள்ளிப் போயிருந்தது. அப்படியே வெட்டி விரித்திருந்தால் கை ஒரு இன்ச் கூடுதல் அகலமாகியிருக்கும். அது மட்டுமில்லை, மற்ற மூன்று ஓரங்களுக்கும்கூட ஒரே அளவு ஆகாது. மேல் வளைவுக்கு அரை இன்ச், அக்குள் பக்கத்தில் பிற்பாடு பிரித்து விட வசதியாக 1 இன்ச், கீழே மடித்து அடிக்க 1 இன்ச்.

சரி, ஒவ்வொரு ஓரத்தையும் தனிப் பாதையாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித் தடிமன் கொடுத்தேன். கறுப்பு எல்லாவற்றையும் முதலில், வெள்ளை எல்லாவற்றையும் பிறகு வரைந்தால் நடுவில் ஒட்டுத் தெரியாது. ஆனால் மூலைகள் பிளந்துகொண்டன. பாதைகளைப் பிரித்துவிட்டதால் அங்கே மூலையை இணைக்கும் லைன்ஜாயின் வேலை செய்யாது. இருப்பது கோட்டின் முனையைத் தீர்மானிக்கும் லைன்கேப் மட்டும். பட் என்று வைத்தால் கோடு பாதை முடிகிற இடத்திலேயே நின்றுவிடும், மூலையில் ஒரு துண்டு காணாமல் போகும். ஸ்கொயர் என்று வைத்தால் கோட்டின் பாதித் தடிமன் அளவுக்கு நீண்டுகொள்ளும். அக்குள் ஓரத்தின் பாதித் தடிமன் 1 இன்ச், அது சேரும் மேல் வளைவுக்கு வேண்டியதோ அரை இன்ச்தான். ஆக அங்கே அரை இன்ச் துருத்திக்கொண்டு நின்றது. ஓரங்களைக் கையால் நீட்டியும் குறைத்தும் ஓரளவு ஒப்பேற்றி அடுத்த பிரிண்டை எடுத்தேன்.

அன்று நடந்ததை விரிவாகவே சொல்கிறேன், இந்த வேலையில் நான் கற்றதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

சித்தி தாளை வாங்கி, கையின் கீழ் ஓரத்தில் மடித்து அடிக்கும் கோட்டில் நகத்தால் ஒரு கீறல் போட்டார். கீழே இருந்த 1 இன்ச் பட்டையை அந்தக் கீறலில் மேல்பக்கமாக மடித்தார். மடித்த பட்டை கையின் மேல் படிந்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரவில்லை. பட்டையின் முனை அக்குள் ஓரத்தை எட்டாமல் உள்ளேயே நின்றது. "இது எட்டாது பாரு. அடிக்கும்போது இழுக்கும், கை ஓரம் சுருங்கிரும்."

ஏன் என்று அங்கேயே தாளில் கணக்குப் போட்டேன். அந்தக் கை, அக்குளில் பாதி அகலம் 6.5 இன்ச், கீழ் ஓரத்தில் 5.5 இன்ச். இரண்டுக்கும் இடையே உயரம் 3 இன்ச். அதாவது ஒவ்வொரு இன்ச் இறங்கும்போதும் மூன்றில் ஒரு இன்ச் குறுகுகிறது. நான் அதே சாய்வில் கீழேயும் நீட்டியிருந்தேன், மைட்டர் மூலை செய்வதும் அதைத்தான். இரண்டு வெளிக்கோடுகளையும் அவை போகிற திசையிலேயே நீட்டி, சந்திக்கும் இடத்தில் நிறுத்தும். ஆக பட்டையின் நுனி இன்னும் மூன்றில் ஒரு இன்ச் குறுகிவிட்டது. அது மடிந்து போய்ப் படியும் இடமோ ஓரத்துக்கு 1 இன்ச் மேலே, அங்கே கை மூன்றில் ஒரு இன்ச் கூடுதல் அகலம். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு மூன்றில் இரண்டு இன்ச் பற்றாக்குறை.

சித்தி ஒரு வெற்றுத் தாளை எடுத்து, தையல் கோட்டை மட்டும் படியெடுத்து, கீழ் ஓரத்தில் மடித்தார். மடித்தபடியே அக்குள் ஓரத்தை வெட்டினார். பிறகு விரித்தார். பட்டையின் அக்குள் பக்க முனை குறுகாமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விரிந்திருந்தது, புடவைக் கொசுவம் கீழே விரிகிற மாதிரி. மடித்தால் அச்சாக அக்குள் ஓரத்தில் படிந்தது.

எஸ்விஜி லைன்ஜாயினில் மைட்டர் இருக்கிறது, ரவுண்ட் இருக்கிறது, பெவல் இருக்கிறது. கூராக நீளும், உருளும், தட்டையாக வெட்டுப்படும். துணி மடிகிறபோது எங்கே போய்ப் படியும் என்று தெரிந்த மூலை அதில் இல்லை, இருக்கவும் முடியாது. ஸ்ட்ரோக் என்பது மை பூசும் கட்டளை. கத்தரி போகவேண்டிய வழியை அதனிடம் கேட்டதுதான் என் தவறு. வெட்டுக்கோட்டை நானே கணக்கிட்டு ஒரு முழுப் பாதையாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதைக்கு மெல்லிய மை பூசுவது மட்டும்தான் ஸ்ட்ரோக்கின் வேலை.

ஊர் திரும்பியதும் பழைய வரிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நேர் ஓரங்களை அந்தந்த அளவுக்கு இணையாகத் தள்ளி, பக்கத்து ஓரத்தோடு வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடித்தேன். மடிப்பு ஓரத்துக்குத் தள்ளல் பூஜ்யம், அதே சூத்திரத்தில் அதுவும் அடங்கிவிடுகிறது. கீழ் மூலைக்கு சித்தியின் கத்தரி செய்ததையே எழுதினேன். ஓரத்துக்கு 1 இன்ச் மேலே வெட்டுக்கோடு எந்தக் கிடைநிலையில் இருக்கிறதோ, ஓரத்துக்கு 1 இன்ச் கீழேயும் அதே கிடைநிலை. கீழ் ஓரத்தைக் கண்ணாடியாக வைத்து மேலே உள்ளதைக் கீழே பிரதிபலிப்பது, அவ்வளவுதான்.

மேல் வளைவு கொஞ்சம் படுத்தியது. அது ஒரு பெசியர் வளைவு, சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வடிவம் பெறுவது. நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் அரை இன்ச் வெளியே நகர்த்தினால் வளைவும் அரை இன்ச் நகரும் என்று நினைத்தேன். இரண்டு முனையிலும் சரியாக இருந்தது, நடுவில் இடைவெளி மாறியது. பெசியர் வளைவுக்கு இணையாகப் போகும் வளைவு பொதுவாக இன்னொரு பெசியராக அமையாது. வளைவை 60 புள்ளிகளாக உடைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் வளைவுக்குச் செங்குத்தான திசையில் அரை இன்ச் தள்ளி, அவற்றை நேர்கோடுகளால் இணைத்தேன். தாளில் பார்த்தால் நேர்கோடு என்றே தெரியாது. உள்வளைவு மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில் இப்படித் தள்ளினால் கோடு தன்னையே வெட்டிக்கொண்டு முடிச்சாகும். கையின் வளைவு அவ்வளவு இறுக்கமில்லை, அதனால் அந்தத் தொல்லை வரவில்லை.

தையல் கோட்டை விட்டுவிட்டுப் போகிற கோடாகப் போட்டேன். 4 மி.மீ. கோடு, 2 மி.மீ. இடைவெளி. இதில் சித்தி சுட்டியது மூலைகளை. தையல் திரும்புகிற இடத்தில் சரியாக இடைவெளி விழுந்துவிட்டால், ஊசியை எங்கே நிறுத்தித் துணியைத் திருப்புவது என்று பழகுகிற பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஓரமும் முழுக் கோட்டில் தொடங்கி முழுக் கோட்டிலேயே முடிய வேண்டும். ஓரத்தின் நீளம் 137 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 2 சேர்த்து 6 ஆல் வகுத்தால் 23.17, ஆக 23 கோடுகள். 23 கோடுகளும் நடுவே 22 இடைவெளிகளும் சேர்ந்தால் 136. இனி அந்தப் பாதையின் பாத்லெங்த் பண்பில் 136 என்று எழுதிவிட்டால் போதும், உலாவி அந்தப் பாதையை 136 அலகு நீளமாக எடுத்துக்கொண்டு கோடுகளையும் இடைவெளிகளையும் கண்ணுக்குத் தெரியாத அளவு நீட்டிக்கொள்கிறது. எஸ்விஜியில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பண்பு இது.

மடிப்பு ஓரத்துக்குப் புள்ளிக்கோடு. கோட்டின் நீளம் 0, இடைவெளி 2, லைன்கேப் ரவுண்ட். நீளமே இல்லாத கோட்டுக்கு உருண்டை முனை மட்டும் வரையப்படுவதால் வட்டப் புள்ளிகளாக வரும்.

கை முடிந்து முன்பக்கத்துக்குப் போனதும் டார்ட்டில் (வடிவம் வருவதற்காக முக்கோணமாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) ஒரு சங்கடம். அளவை மாற்றி மாற்றிப் பார்க்க, கேன்வாஸில் ஒரு முன்னோட்டப் பக்கம் செய்திருந்தேன். அதில் டார்ட்டின் நுனி முள் மாதிரி நீண்டிருந்தது. எஸ்விஜியில் அதே நுனி மொட்டையாக இருந்தது. புள்ளிகள் இரண்டிலும் ஒன்றேதான். வித்தியாசம் மைட்டர் எல்லையில். கேன்வாஸில் எதுவும் சொல்லாவிட்டால் அது 10, எஸ்விஜியில் 4. கூர்மூலையின் நீளத்தைக் கோட்டின் தடிமனால் வகுத்து வரும் எண் இந்த எல்லையைத் தாண்டினால் மூலை வெட்டப்படும். 1 இன்ச் அகலம், 3.5 இன்ச் நீளம் உள்ள டார்ட்டின் நுனிக்கோணம் சுமார் 16 டிகிரி. அதற்கு அந்த எண் 7. நாலுக்கு மேல், பத்துக்குக் கீழ். அதனால்தான் ஒன்றில் முள், இன்னொன்றில் மொட்டை. 0.5 மி.மீ. கோட்டில் முள் உண்மையான நுனியைத் தாண்டி 1.8 மி.மீ. போயிருந்தது. டார்ட் எங்கே முடிகிறது என்பதில்தான் பிளவுஸின் வடிவமே இருக்கிறது என்று சித்தி சொல்வார், அதில் கிட்டத்தட்ட 2 மி.மீ. பொய் சொல்ல எனக்கு மனசில்லை. இரண்டிலும் லைன்ஜாயினை ரவுண்ட் ஆக்கினேன். நுனி இப்போது கால் மி.மீ. மட்டும் உருண்டு நிற்கிறது. போதாததற்கு நுனியில் ஒரு சின்னப் புள்ளியும் வைத்தேன்.

அச்சில் இரண்டு அடி பட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது கோடு தடிக்காமல் இருக்க, வெக்டர் எஃபெக்ட் பண்பில் நான்-ஸ்கேலிங்-ஸ்ட்ரோக் என்று போட்டிருந்தேன். திரையில் அழகாக இருந்தது. அச்சில் கோடுகள் மங்கி இழையாகிவிட்டன. அந்தப் பண்பு இருந்தால் வியூபாக்ஸின் அலகு கோட்டின் தடிமனுக்குப் பொருந்தாது. நான் எழுதிய 0.3 மில்லிமீட்டராக இல்லாமல் 0.3 பிக்சல் ஆகிவிட்டது. உலாவிக் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு 96 பிக்சல், ஆக 0.3 பிக்சல் என்பது 0.08 மி.மீ. அந்தப் பண்பைத் திரைக்கு மட்டும் வைத்து, அச்சுக்கான ஸ்டைலில் எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரிண்ட் சித்தியின் டேப்பில் குறைவாக வந்தது. தாளுக்குள் அடங்கும்படி சுருக்கு என்ற தேர்வு அச்சுப் பெட்டியில் டிக் ஆகியிருந்தது. இப்போது ஒவ்வொரு தாளின் மூலையிலும் 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வரைகிறேன். அதிலும் வெளியோரத்திலிருந்து வெளியோரம் 10 செ.மீ., மை உள்ளே. "முதல்ல கட்டத்தை அளந்து பாருங்க, அப்புறம் கத்தரிய எடுங்க" என்று சித்தி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். பெரிதாக்காமல் சுருக்காமல் 100 சதவீதம் என்று சொல்லித்தான் கடையில் எடுக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை 36 அளவுக் கையை வெட்டி, பட்டையை மடித்து, குண்டூசி குத்தி ஒரு பழைய காட்டன் துணியில் அடித்துப் பார்த்தோம். ஓரம் சுருங்கவில்லை. சித்தி அந்தத் தாளைக் காலண்டர் அட்டையில் ஒட்டி, கத்தரியை மையின் வெளியோரமாக உரசவிட்டு வெட்டி, ஆணியில் மாட்டினார். முன்பக்கம் ஒரு தாளில் அடங்காது, இரண்டு ஏ4 ஒட்ட வேண்டும். ஒட்டும் கோட்டுக்கு மட்டும் அளவு கோட்டின் நடுவில் இருக்க வேண்டும், அங்கே இரண்டு தாளின் மையும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தாக வேண்டுமே. இந்த வாரம் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.